ஆறப் பொறுத்த சோப்பு

தென்திசை நோக்கி ஓடிவரும் காவிரியாறு கிழக்கே திரும்பும் இடத்தில் அமைந்தது கொடுமுடி. ஆற்று நீரால் செழித்த தென்னந்தோப்புகள் ஊரைச் சூழ்ந்துள்ளன. அருகிலுள்ள சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குத் தேங்காயும் தேங்காய்ப் பருப்பும் எள்ளும் ஏலத்திற்கு வருகின்றன. இவ்வூரில் முன்னாளில் எண்ணெய் தேய்த்து, அரப்புத் தூளால் அழுக்குப் போக்கி நீராடினர். இன்றோ சோப்பு இல்லாத வீடு இல்லை. கையில் எண்ணெய் இருக்க, சோப்பைக் கடையில் வாங்குவானேன் என எண்ணி, வீட்டிலேயே அதனைச் செய்வாரும் உளர். அங்ஙனம் செய்த சோப்பு சிலரிடம் கட்டையாய் இறுகுகின்றது. சிலரிடம் களியாய்க் குழைகின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

மாணவர்களே! இவ்வினாவிற்குரிய விடையை நான் எந்த நூலிலும் முதலில் கற்கவில்லை. எங்கள் தெருவில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், அத்தெருவில் வாழும் அம்மையார் ஒருவர், தம் மகளிர் குழுவினர் நால்வருடன் கூடிச் சோப்பு செய்யத் தொடங்கினார். கணவரை இழந்த அவருக்கு, இரு மக்களைப் படிக்கவைக்கும் பொறுப்பு இருந்தது. குழுவில் வாங்கிய கடனே அத்தொழிலின் முதல். செய்த சோப்புகளை ஐந்தாம் நாளே விற்றார். வாங்கியவர்களோ, "இரண்டு குளியலுக்குள் கரைந்துவிட்டது" என்று கூறித் திருப்பிக் கொணர்ந்தனர். மனமுடைந்த அவர், "அடுத்த முறை காஸ்டிக் சோடாவைக் கூடுதலாக ஒரு பிடி போட்டால் கெட்டிப்படும் என்கிறார்கள். போடலாமா, ஐயா?" என்று என்னை வினவினார். தமிழ் கற்பித்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. ஆதலின், என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியரிடம் அவரை அழைத்துச் சென்றேன்.

அவர் கேட்டவுடன் பதறினார். "அம்மிணி, அந்த ஒரு பிடியைப் போட்டுவிடாதே! சோப்பு கெட்டிப்படலாம், ஆனால் அதைத் தேய்க்கும் குழந்தையின் தோல் புண்ணாகிவிடும்" என்றார். பின்னர் அவர் விளக்கியவற்றைக் கீழே சுருக்கித் தருகின்றேன்.

எண்ணெயும் காரமும் கூடும்போது இரண்டும் தம் தன்மை திரிந்து, சோப்பும் கிளிசரினும் ஆகின்றன. கொழுப்பின் இவ்வியல்பை ஆராய்ந்து 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞர். காரம் இருவகைப்படும். விறகுச் சாம்பலை நீரிலிட்டு வடிப்பது பொட்டாஷ் காரம். அஃது இளகிய சோப்பையே தரும். மற்றொன்று சோடாக் காரம். இதுவே கெட்டியான கட்டியைத் தருவது. 1791ஆம் ஆண்டில் லெப்ளாங் என்பவர் சாதாரண உப்பிலிருந்து சோடாவைப் பெறும் முறையைக் கண்டறிந்த பின்னரே கட்டிச் சோப்பு மலிவாகும் வழி பிறந்தது. அம்மையார் இட்டது சோடாக் காரமே. காரத்தின் வகையில் பிழையில்லை.

முதற்பிழை எண்ணெயில் இருந்தது. அவர் விலையை எண்ணி, பெரும்பங்கு நிலக்கடலை எண்ணெயே சேர்த்திருந்தார். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களுள் சில நேரான விறகுகளைப் போன்றவை, நெருக்கமாக அடுக்கலாம். சில வளைந்த சுள்ளிகளைப் போன்றவை. அடுக்கினால் இடையே சந்து விழும். முன்னவை நிறைவுற்றவை, பின்னவை நிறைவுறாதவை எனப்படும். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு நிறைவுற்றவை. நிலக்கடலை எண்ணெயிலோ ஏறத்தாழ 80 பங்கு நிறைவுறாதவை. ஆகவே, தேங்காய் எண்ணெய்ச் சோப்பு விரைவில் இறுகும். நுரையும் மிகத் தரும். தேங்காய் வளமிக்க கோழிக்கோட்டில் 1914ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாண அரசு சோப்புத் தொழிற்கூடம் ஒன்றை நிறுவியது. எனினும், தேங்காய் எண்ணெய் மட்டுமே ஆயின் தோல் வறளும். ஆதலின் பிற எண்ணெயும் அளவறிந்து கலத்தல் வேண்டும்.

இரண்டாம் பிழை நீரில் இருந்தது. காரத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாக நீர் ஊற்றியிருந்தார். இரு மடங்கே போதும். மிகுந்த நீர் கட்டிக்குள் தங்கி, அதனை இளகச் செய்யும்.

இனி, காரத்தின் அளவைக் காண்போம். எண்ணெய் ஒவ்வொன்றும் தனக்கெனக் குறித்த அளவு காரத்தையே ஏற்கும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராமும், நிலக்கடலை எண்ணெய்க்கு 136 கிராமும், விளக்கெண்ணெய்க்கு 128 கிராமும் காஸ்டிக் சோடா வேண்டும். கணக்கிட்ட அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தே இடல் மரபு. அப்போது சிறிது எண்ணெய் மிஞ்சித் தோலைக் காக்கும். மிகுதியாக இட்டாலோ, சேர எண்ணெய் கிடைக்காத காரம் கட்டியில் மறைந்திருந்து தோலைச் சுடும். எனவே, ஆசிரியர் அம்மையாருக்கு வகுத்துத் தந்த அளவு இது: தேங்காய் எண்ணெய் 600 கிராம், நிலக்கடலை எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 155 கிராம், காய்ச்சி வடித்த நீர் 310 கிராம். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணச் சத்து சோப்புடன் கூடிக் கரையாத கறையாகும். ஆதலின் அந்நீர் ஆகாது. கட்டி மேலும் இறுக விரும்பின், சோடாவை இடுமுன் நீரில் 10 கிராம் சமையல் உப்பைக் கரைத்துக் கொள்ளலாம். இவை அனைத்தையும் கையளவால் அன்றித் தராசால் நிறுத்தே எடுத்தல் வேண்டும்.

காஸ்டிக் சோடா மிகக் கொடியது. கண்ணில் பட்டால் பார்வையே போகும். கையுறையும் கண்ணாடியும் அணிதல் வேண்டும். சோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாக இடவேண்டுமே அன்றி, சோடாவின் மேல் நீரை ஊற்றுதல் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமே ஏற்றது. மாணவர்கள் ஆசிரியரின் துணையின்றி இதனைச் செய்தல் கூடாது.

காரநீர் ஆறிய பின் அதனை எண்ணெயில் ஊற்றிக் கலக்கவேண்டும். கலவை கூழ்ப்பதம் அடைந்ததும் தாள் விரித்த மரப்பெட்டியில் வார்க்கவேண்டும். ஓரிரு நாளில் கட்டிகளாக அறுக்கலாம். அம்மையாரின் மூன்றாம் பிழை இங்கேதான் நேர்ந்தது. அறுத்தவுடன் சோப்பு முடிந்துவிட்டது என அவர் எண்ணினார். காற்றோட்டமுள்ள நிழலில் கட்டிகளை இடைவெளிவிட்டு அடுக்கி, அவ்வப்போது திருப்பிவைத்து, நான்கு முதல் ஆறு வாரம் உலரவிடல் வேண்டும். உள்ளிருக்கும் நீர் வெளியேற, கட்டி மெல்ல இறுகும். வாரந்தோறும் ஒரு கட்டியை நிறுத்துப் பார்த்தால் எடை குறைந்து வருவது தெரியும். அக்குறைவு நின்றால் கட்டி உலர்ந்தது என அறியலாம்.

ஆயினும், கையாற் செய்த சோப்பில் கிளிசரின் தங்கியிருப்பதால் அது நீரை ஈர்க்கும். ஆகவே, பயன்படுத்திய பின் நீர் தேங்காத துளைத் தட்டில் வைத்தல் வேண்டும்.

அம்மையார் ஆசிரியர் சொன்னவாறே மீண்டும் செய்தார். ஐந்தாம் நாள் கடன் தவணை கட்டப் பணம் தேவைப்பட்டது. ஆயினும் அவர் ஒரு கட்டியையும் விற்கவில்லை. நூல் நூற்று அத்தவணையைச் செலுத்தினார். ஆறு வாரம் கழித்து எனக்கு ஒரு கட்டி கொடுத்தார். நகத்தால் அழுத்தினேன், தடம் பதியவில்லை. முன்னர்ச் சோப்பைத் திருப்பிக் கொடுத்தவர் வீடுகளுக்கும் அவரே சென்று, விலை பெறாமல் ஒவ்வொரு கட்டி கொடுத்துவந்தார்.

ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுத்தலும் வேண்டும் என்பர் பெரியோர். எண்ணெயின் இயல்பறிதல், காரத்தின் அளவறிதல், நீரைக் குறைத்தல், நாளைப் பொறுத்தல் ஆகிய நான்குமே சோப்பை இறுகச் செய்வன. இவற்றுள் ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகுதியால் மறைக்க முயன்றால், அதன் தீங்கு வாங்குவோர் உடலில் தெரியும். அந்த ஒரு பிடியைப் போடாது விட்ட அம்மையாரின் தொழில் இன்றும் நடைபெறுகின்றது.