கைத்தொலைபேசி மருந்து நேரம் சொல்லும்போது

குளிர் இறங்கியதும் பீலெஃபெல்ட்டில் நமது மூத்தவர்களின் பேச்சு முழங்காலிலும் விரல் மூட்டுகளிலும் வந்து நிற்கிறது. இந்நோவைக் கவனிக்கக் கைத்தொலைபேசிச் செயலிகளும் வந்துவிட்டன. அவை வேண்டாமென்று நாம் கூற வரவில்லை. காலையில் விரல்கள் எத்தனை நிமிடம் விறைத்திருந்தன, எந்த மூட்டு வீங்கியது என்று நாள்தோறும் குறித்துவைத்தால், ஜேர்மன் மொழியில் தடுமாறும் நம்மவருக்கு வைத்தியர் முன் அதுவே பெருந்துணை.

ஆயினும் அண்மையில் நாம் அறிந்த சம்பவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்குத் தெரிந்த அம்மா ஒருவருக்கு முடக்குவாதம். இங்கே ரொய்மா என்பார்கள். வைத்தியர் மெத்தொட்ரெக்சேட் குளிசை கொடுத்திருந்தார். தாயின் மறதிக்கு உதவ எண்ணிய மகன், நினைவூட்டும் செயலி ஒன்றைத் தொலைபேசியில் ஏற்றினார். அது மருந்தின் பெயரையும் நேரத்தையும் கேட்டது. ‘தினமும்’ என்பது முன்னரே தெரிவுசெய்யப்பட்டிருந்தது. மகன் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த மகள்தான் பெட்டியில் ‘வாரம் ஒருமுறை’ என்றிருப்பதைக் கண்டார்.

மூட்டு நோய்க்கு இம்மருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. நாளாந்தம் எடுத்தால் எலும்பு மச்சை ஒடுங்கி இரத்த அணுக்கள் குறையும், வாய் புண்ணாகும், ஈரலும் சிறுநீரகமும் பாதிப்புறும். இத்தவறால் உயிரிழந்தோரும் உளர். ஐரோப்பிய மருந்து முகவரகம் 2019இல் இதுபற்றி எச்சரித்து, புதிய பாதுகாப்பு நடவடிக்கைகளையும் பரிந்துரைத்தது. தவறுதலாகக் கூடுதலாக எடுத்துவிட்டால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த அம்மாவும் அவ்வாறே சென்று இரத்தப் பரிசோதனையின் பின் தப்பினார்.

செயலிகளிலும் தரம் உண்டு. 2019 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி, ஜேர்மனியில் வைத்தியரே சீட்டில் எழுதித்தரும் செயலிகள் 2020 ஒக்ரோபர் முதல் கிடைக்கின்றன. மருந்துகளுக்கான கூட்டரசு நிறுவனம் அவற்றைப் பரிசீலித்துப் பட்டியலிடுகிறது; செலவைச் சட்டபூர்வ காப்புறுதி ஏற்கிறது. அகதி விண்ணப்பம் செய்து முதல் 36 மாதங்களுக்குள் இருப்போருக்குப் பொதுவாகக் கடும் நோய்க்கும் நோவுக்குமான சிகிச்சையே உரித்து. அவர்கள் முன்கூட்டியே சமூக அலுவலகத்தில் விசாரிப்பது நன்று. இலவசமாக இறக்கும் ஏனையவற்றுள் பல இத்தகைய பரிசீலனை எதையும் கண்டதில்லை. வலியைக் குறிக்கும் செயலிக்கு நமது தொடர்பிலக்கங்களும் இருப்பிடமும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடலாம்.

மருந்தின் அளவைக் கூட்டு, குறை என்று செயலி சொன்னால் வைத்தியரைக் கேளாமல் செய்ய வேண்டாம். இரவிலும் விடுமுறையிலும் 116117 என்ற இலக்கத்தில் வைத்தியரை அணுகலாம், உயிராபத்தென்றால் 112.

அந்த அம்மாவின் தொலைபேசி இப்போது புதன்கிழமை மட்டும் ஒலிக்கிறது. பெட்டியின் மேலும் ‘புதன்’ என்று மகள் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்.