ஓனரிடம் நேரடியாகப் பேசலாமா?

சென்னையிலோ மதுரையிலோ பழைய வீடு பார்க்கப் போனால் புரோக்கர் வாசலிலேயே நிற்பார். சாவி அவர் கையில் இருக்கும். "ஓனர் ஊர்ல இல்ல சார், எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க" என்பார். தப்பித்தவறி ஓனர் உள்ளே இருந்துவிட்டால், நாம் அவரிடம் வாயைத் திறப்பதற்குள் "மாடியைப் பார்த்துடலாம் வாங்க" என்று நகர்த்திக்கொண்டு போய்விடுவார். போன் நம்பர் கைமாறிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் கமிஷன் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். இரு தரப்பிலும் ஆளுக்கு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று பேசியிருப்பார்கள். தாளில் ஒன்றும் இருக்காது. வெயிலில் அலைந்து வீடு வீடாகக் காட்டியபின், இரண்டு பார்ட்டியும் தனியாகப் பேசிக் கிரயத்தை முடித்துக்கொண்டால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? ஆகவே கமிஷன் எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்று முதலிலேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பத்திரப்பதிவு அன்று தருவதாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. அதன் பிறகு "ஓனரோடு உட்கார்ந்து பேசணும்" என்று கேளுங்கள். அப்போதும் தட்டிக்கழித்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஓனர் 72 லட்சம் சொன்ன வீடு உங்களிடம் வரும்போது 76 ஆகியிருக்கலாம்.

வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லப்போனால், 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு பேசத்தான் சொல்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, வீட்டிலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். கேட்டால் மூலப்பத்திரங்களைக் காட்ட வேண்டும். சொத்து பற்றிய கேள்விகளுக்குத் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடமை விற்பவருடையது. புரோக்கர் சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு பிறகு ஓனரிடம் சண்டை போடுவது எளிதல்ல. இன்னொன்று, 2016-இல் வந்த ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற வேண்டியவர்கள், பதிவான மனைத் திட்டங்களிலும் அடுக்ககத் திட்டங்களிலும் விற்றுத்தரும் ஏஜென்ட்டுகள். தெருமுனையில் பழைய வீடு முடித்துத் தருபவர் அதற்குள் வருவதில்லை.

சரி, என்ன கேட்பது? சென்னை வீடு என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருத் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது? போர் எத்தனை அடி? சித்திரை வெயிலில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினால் டேங்க் நிறைகிறது? பக்கத்து வீட்டோடு இருக்கும் சுவர் யாருடையது? இதையெல்லாம் அந்த வீட்டில் சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்தவரிடம் கேட்க வேண்டும். புரோக்கருக்கு உண்மையிலேயே தெரியாது.

அடுத்து கையெழுத்து. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோன வீடு என்றால், அக்கா தங்கைகள் உட்பட வாரிசுகள் அத்தனை பேரும் பதிவுக்கு வருவார்களா என்று நேராகவே கேளுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டும்தான் வரும். தங்கச்சி மூன்று வருஷமாகப் பேசுவதில்லை என்பது அதில் வராது. அசல் பத்திரம் வீட்டில் இருக்கிறதா, பேங்கில் இருக்கிறதா? குடியிருப்பவரின் அட்வான்ஸை யார் திருப்பித் தருவது? ஓனர் எங்கே வசிக்கிறார் என்பதும் வெறும் விசாரிப்பு இல்லை. 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட வீட்டுக்கு வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். ஓனர் சிங்கப்பூரிலோ துபாயிலோ வசிப்பவர் என்றால் கணக்கே வேறு. பிடித்தம் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் தேடி வரும்.

ஓனர் சொல்லும் விலை எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பேரத்தை மட்டும் நேரில் பேசாதீர்கள். அதற்குத்தான் புரோக்கர். "பார்ட்டி 70-க்கு மேல ஏற மாட்டாங்க" என்று அவர் சொன்னால் ஓனருக்குக் கோபம் வராது. நாம் சொன்னால் முகம் மாறிவிடும். லோன் எவ்வளவு சாங்ஷன் ஆகியிருக்கிறது என்று வாங்குபவரும், தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் என்று விற்பவரும் பேச்சுவாக்கில் உளறிவிட்டால் பேரம் அங்கேயே போயிற்று.

பேசி முடித்த அன்றே மூவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "இன்று பேசியபடி..." என்று நாலு வரி போட்டுவிடுங்கள். புரோக்கருக்கும் மறைவாக எதுவும் நடக்கவில்லை என்று தெரியும். டோக்கன் அட்வான்ஸ் ஓனரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் ஓனருக்குத்தான் அபராதம். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெறும் ஸ்டாம்பு பேப்பரோடு நிறுத்திவிடாதீர்கள்.

பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுகிறார் என்றால், பவர் கொடுத்தவரோடு வீடியோ காலிலாவது பேசாமல் அட்வான்ஸ் தராதீர்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் அத்தோடு செல்லாது. பதிவின்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்பதும் அதனால்தான். நீங்கள் அட்வான்ஸுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.