காணாமல் போன பக்கம்!

"சார்... 217-ஐக் காணோம்!"

டவுன் பஸ்ஸைத் தவற விட்டவர் மாதிரி மூச்சு வாங்க என் மேஜை முன்னால் வந்து நின்றார் அந்தப் பெண். கையில் தலையணை சைஸுக்கு ஒரு பைண்டு வால்யூம். வருஷம் 1994. கல்லூரி நூலகராக நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

வாங்கிப் புரட்டினேன். இடது பக்கம் 216. வலது பக்கம் 219. நடுவில் ஒரு தாள் அவுட்! கரையான் வேலையும் இல்லை, ராமபாணப் பூச்சியின் வேலையும் இல்லை. அவை இவ்வளவு நேர்க்கோட்டில் சாப்பிடாது. இது பிளேடு! ஜெராக்ஸுக்குச் சில்லறை செலவழிக்க மனசில்லாத யாரோ ஒரு புண்ணியவான், பக்கத்தையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அதுல நெல் விலை அட்டவணை இருக்கு சார். அது இல்லேன்னா என் மூணாவது சாப்டரே இல்லை" என்றார் அந்தப் பெண், அழுகிற குரலில்.

மூன்று பெரிய நூலகங்களுக்குக் கடிதம் போட்டேன். ஒன்றிலிருந்து பதில் வரவே இல்லை. இன்னொன்று, 'பைண்டிங்குக்குப் போயிருக்கிறது' என்றது. ஒன்றரை மாசம் கழித்து மூன்றாவதிலிருந்து ஜெராக்ஸ் வந்தது. ஆசையாகப் பிரித்தால், தடித்த வால்யூமை அமுக்கி வைத்து எடுத்ததில் அட்டவணையின் கடைசிப் பத்தி முழுக்கக் கறுப்பு! மேலே ஒரு கட்டை விரல் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

கடைசிப் பத்தி இல்லாமலேயே ஆய்வேட்டைக் கொடுத்தார். வந்திருந்த தேர்வாளர் சரியாக அதைத்தான் கேட்டார். திருத்திக் கொடுத்து, மறுபடி ஒப்பேற்றி, பட்டம் கைக்கு வர ஆறு மாசம் தள்ளிப் போயிற்று. ஒரே ஒரு தாள்!

* * *

எனக்குத் தாள் குறைந்த கவலை. கிட்டத்தட்ட அதே சமயத்தில் அமெரிக்காவில் ஒருத்தருக்கு நேர் எதிரான கவலை. தாள் பெருத்துப் போன கவலை!

அவர் பெயர் வில்லியம் போவன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்துவிட்டு, மெல்லன் அறக்கட்டளையின் தலைவராக ஆனவர். ஒஹையோ மாநிலத்து டெனிசன் பல்கலைக்கழகத்தில் அறங்காவலராகவும் இருந்தார். அங்கே நூலகத்தில் இடம் இல்லை, புதுக் கட்டடம் வேண்டும் என்று பேச்சு வந்தது. இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பார்த்தால், வருஷக்கணக்கில் சேர்ந்து போன ஆய்வு இதழ்களின் பழைய வால்யூம்கள்.

போவன் யோசித்தார். இங்கே இருக்கிற அதே வால்யூம்தானே பக்கத்து ஊர்க் கல்லூரியிலும் இருக்கிறது? ஆளுக்கொரு கட்டடம் எதற்கு? ஒரே ஒரு தடவை ஒழுங்காகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டால் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாமே!

அப்படிப் பிறந்ததுதான் 'ஜேஸ்டோர்'. 'ஜர்னல் ஸ்டோரேஜ்' என்பதன் சுருக்கம். மெல்லன் அறக்கட்டளையின் பணத்தில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை ஆரம்பமாயிற்று. முதலில் எடுத்துக்கொண்டது பொருளாதாரத்திலும் வரலாற்றிலுமாக வெறும் 10 இதழ்கள். 1995-ல் லாப நோக்கமில்லாத தனி நிறுவனமாயிற்று. 1997 ஜனவரியில் நூலகங்களுக்கு முறைப்படி கதவு திறந்தது. இன்றைக்கு அதில் 2,000-க்கும் மேற்பட்ட இதழ்கள். நம்ம ஊர் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யும் உண்டு.

'ஸ்கேன் பண்ணியாச்சு, வேலை முடிஞ்சுது' என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்யாணம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிற மாப்பிள்ளை மாதிரி!

* * *

ஒவ்வொரு பக்கத்தையும் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற நுணுக்கத்தில் படம் எடுக்கிறார்கள். நீங்கள் திரையில் பார்ப்பது அந்தப் படம். ஆனால், படத்தில் வார்த்தையைத் தேட முடியாதே? அதற்காக, அச்செழுத்தை அடையாளம் கண்டு படிக்கிற ஒரு சாஃப்ட்வேர், அதே பக்கத்தை எழுத்து எழுத்தாக மாற்றிப் பின்னால் ஒளித்து வைக்கிறது. நீங்கள் தேடும்போது தேடப்படுவது அந்த ஒளிந்திருக்கிற எழுத்து. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கம்ப்யூட்டருக்குத் தெரிவது இன்னொன்று!

இங்கேதான் கூத்து. லண்டன் ராயல் சொஸைட்டியின் 'ஃபிலாசஃபிக்கல் டிரான்ஸாக்ஷன்ஸ்' என்ற இதழ் 1665-லிருந்து வருகிறது. அந்தக் காலத்து ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்தை நீளமாக இழுத்துப் போடுவார்கள். பார்க்க அச்சு அசல் 'எஃப்' மாதிரியே இருக்கும். சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும் பாவம்? சூரியனைக் குறிக்கும் 'சன்'னை அது 'ஃபன்' என்று படித்துவிடும்! சூரியனைத் தேடுகிற ஆராய்ச்சியாளருக்கு வெறும் கை. வேடிக்கையைத் தேடுகிற ஆசாமிக்கு வானசாஸ்திரக் கட்டுரை!

இந்த மாதிரிப் பிழைகளையெல்லாம் மனுஷன் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும். சாஃப்ட்வேர் கெட்டிக்காரத்தனம் கூடக் கூட, பழைய பக்கங்களை மறுபடி படிக்கவிடலாம். அதாவது 1665-ல் அச்சான பக்கத்துக்கு இன்றைக்கும் புரூஃப் பார்க்கலாம்.

அடுத்தது பெயர்க் குழப்பம். மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆன மாதிரி இதழ்களும் பெயர் மாற்றிக்கொள்ளும். அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் இதழ் 1888-ல் 'பப்ளிகேஷன்ஸ்' என்று ஆரம்பித்தது. பிறகு 'குவார்ட்டர்லி பப்ளிகேஷன்ஸ்' ஆயிற்று. 1922-ல் 'ஜர்னல்' ஆனது. மூன்றும் ஒரே ஆள்தான். ஆனால் நூலகத்தின் பட்டியலில் மூன்றுக்கும் தனித்தனியாக வருஷம் போட்டு, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 1921-ம் வருஷத்துக் கட்டுரையைத் தேடுகிற பையன், 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விடுவான்.

அப்புறம் 'நகரும் சுவர்' என்று ஒன்று. புது இதழ்களைப் பதிப்பாளர் விற்றுப் பிழைக்க வேண்டாமா? அதனால் கடைசி மூன்று, ஐந்து வருஷ இதழ்களைப் பெரும்பாலும் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிடுவார்கள். வருஷம் பிறந்தால் சுவர் ஓர் அடி நகரும். புதிதாக ஒரு வருஷம் உள்ளே வரும். உடனே நாங்களும் பட்டியலைத் திருத்த வேண்டும். ஊரெல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நூலகர்கள் கம்ப்யூட்டர் பட்டியலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருப்போம்.

இதெல்லாம் போதாதென்று, வாசலில் ஒரு காவல்காரர். கல்லூரியின் இன்டர்நெட் இணைப்புக்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணிலிருந்து வந்தால்தான் சந்தாக் கட்டின களஞ்சியங்கள் கதவைத் திறக்கும். ஒரு தடவை எங்கள் ஆபீஸில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இன்டர்நெட் கம்பெனியை மாற்றிவிட்டார்கள். மறுநாள் காலை ஒன்றும் திறக்கவில்லை! "சந்தா கட்டினீங்களா, இல்லையா?" என்று பேராசிரியர்கள் என்னை வறுத்தெடுத்தார்கள். வீட்டு நம்பர் மாறினதைச் சொல்லாமல் தபால்காரரைத் திட்டின கதை!

* * *

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2018. நான் ரிட்டயர் ஆகக் கொஞ்ச காலமே பாக்கி.

பிரின்ஸிபால் கூப்பிட்டார். "எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல வந்தாச்சே சார். ஸ்டாக் ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. பிளேஸ்மென்ட் செல்லுக்கு இடம் வேணும்."

சரிதான், போவன் சொன்னதும் இதைத்தானே? கண்டம் பண்ண லிஸ்ட் போட்டேன். எத்தனையோ வருஷமாக அந்துருண்டை போட்டுக் காப்பாற்றிய வால்யூம்களைச் சணல் கயிற்றில் கட்டி வராந்தாவில் அடுக்கினோம். மறுநாள் காலை பழைய பேப்பர்க்காரரின் குட்டி யானை வரும்.

அன்று சாயந்திரம் ஒரு பையன் லேப்டாப்பும் கையுமாக வந்தான்.

"சார்... 89-ஐக் காணோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கம்ப்யூட்டர்லயுமா?"

நாங்கள் சந்தாக் கட்டியிருந்த ஒரு மின் களஞ்சியம். மேலே சொன்ன ஜேஸ்டோர் இல்லை, வேறொன்று. பெயர் வேண்டாமே. பார்த்தேன். 88-ம் பக்கம் இரண்டு தடவை இருந்தது. அடுத்தது 90. யாரோ ஸ்கேன் பண்ணுகிறவர் டீ குடிக்க எழுந்து போய்விட்டு வந்திருக்கிறார் போல. மொத்தப் பக்கங்களை எண்ணினால் கணக்கு சரியாக இருக்கும். அதனால் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

"உங்க கைடு யாருப்பா?" என்றேன். பெயரைச் சொன்னான். என் 217-ம் பக்கத்துப் பெண்! இப்போது பக்கத்து ஊர்க் கல்லூரியில் பேராசிரியை. "எங்கயும் கிடைக்கலேன்னா அந்த சாரைப் போய்ப் பாருன்னு மேடம் சொன்னாங்க சார்."

வராந்தாவுக்கு ஓடினேன். நானும் அட்டெண்டர் தம்பியும் டார்ச் அடித்துக் கட்டுக் கட்டாகப் பிரித்தோம். "காலையில வண்டி வருது, இப்பப் போய்ப் பிரிக்கறீங்களே சார்!" என்று அவர் புலம்ப, பதினேழாவது கட்டில் அந்த வால்யூம் இருந்தது. 89-ம் பக்கமும் இருந்தது, சுத்தமாக, பிளேடு படாமல்!

அன்றைக்கே அதை ஸ்கேன் செய்து அந்தக் களஞ்சியத்துக்கு மெயில் அனுப்பினேன். எந்த இதழ், எந்த வருஷம், எந்தப் பக்கம், என்ன தப்பு என்று நாலே வரி. இரண்டு நாளில் நன்றி சொல்லிப் பதில். மூன்று வாரத்தில் 89-ம் பக்கம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிளேடு போட்டவன் ஒரு கல்லூரிக்குத்தான் பக்கத்தைத் தொலைத்தான். ஸ்கேனில் விட்டுப்போனால், அந்தக் களஞ்சியத்தை நம்பி வால்யூமை எடைக்குப் போட்ட அத்தனை நூலகங்களுக்கும் சேர்த்துத் தொலைகிறது. ஆனால் திருத்தமும் அப்படித்தானே! எங்கள் வராந்தாவில் கயிறு கட்டிக் கிடந்த ஒரு தாள், இப்போது உலகத்தில் எந்த மூலையில் திறந்தாலும் இருக்கிறது. 1994-ல் அந்தப் பெண்ணுக்கு இது கிடைத்திருந்தால்?

காலையில் குட்டி யானையைத் திருப்பி அனுப்பினேன். பிரின்ஸிபால் அறையில் அரை மணி நேரம் மண்டகப்படி. கடைசியில் ஒரு சமரசம்: திரையில் பக்கம் பக்கமாகச் சரி பார்த்த வால்யூம்கள் போகலாம், மற்றவை இருக்கட்டும். பாதி ரூம் எனக்கு, பாதி பிளேஸ்மென்ட்டுக்கு. எல்லாவற்றையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. சரி பார்த்த வரைக்கும் பார்த்தேன்.

இந்த பயம் எனக்கு மட்டும் இல்லை. கம்ப்யூட்டரை நம்பிக் கடை போட்ட ஜேஸ்டோரே, இதழ்களின் காகிதப் பிரதிகளை ஹார்வர்டிலும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் பத்திரமாகச் சேமித்து வைக்க ஏற்பாடு செய்தது. ஸ்கேன் கெட்டால் திரும்பிப் போக ஒரு தாள் வேண்டுமே!

* * *

'நமக்கென்ன, நாம என்ன பேராசிரியரா?' என்று நினைக்காதீர்கள். 2011-ல் ஜேஸ்டோர், அமெரிக்காவில் 1923-க்கு முன்பும் மற்ற நாடுகளில் 1870-க்கு முன்பும் வெளியான சுமார் ஐந்து லட்சம் கட்டுரைகளை, சந்தா இல்லாமல் யாரும் படிக்கலாம் என்று திறந்துவிட்டது. 2020-ல் கொரோனா சமயத்தில், பெயரைப் பதிவு செய்துகொண்டால் மாசத்துக்கு 100 கட்டுரை வரை திரையில் இலவசமாகப் படிக்கலாம் என்று உயர்த்தினார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

படிக்கும்போது ஒரு பக்கம் கோணலாக இருந்தால், எழுத்து மங்கியிருந்தால், 88-க்கு அப்புறம் 90 வந்தால், 'போகுது' என்று விட்டுவிடாதீர்கள். நாலு வரி எழுதிப் போடுங்கள். யாரோ சொன்னால்தான் யாரோ திருத்துவார்கள்.

போன மாசம் அந்தப் பேராசிரியையை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். இலை போட்டாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், அந்த 217 கிடைச்சிருச்சு! கம்ப்யூட்டர்ல முழுசா இருக்கு, கடைசிப் பத்தியும் சேர்த்து."

"அப்படியா! பார்த்தியாம்மா? சாப்டர் சரியா இருந்துதா?"

"கடைசிப் பத்தியில நான் அன்னிக்கு யூகிச்சுப் போட்ட கணக்குல ரெண்டு தப்பு சார்" என்றார். "திருத்தி எழுதிட்டேன்."