மேசைமேல் ஒரு கோட்டை

"நான் கதவுக்குப் பின்னாலதானே நின்னேன்! டிராகனோட நெருப்பு என் மேல எப்படிப் படும்?"

"இல்ல, நீ பாலத்து மேலதான் நின்ன!"

கதை விளையாட்டில் இப்படிச் சண்டை வருவது உண்டு. எல்லாரும் ஒரே கதையைத்தான் கேட்கிறார்கள். ஆனால், ஒவ்வொருவர் மனத்திலும் வேறு வேறு படம் ஓடுகிறது. இந்தச் சண்டையைத் தீர்க்க உங்கள் லெகோப் பெட்டி உதவும். எப்படி என்று பார்ப்போமா?

கதை விளையாட்டு என்றால் என்ன?

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஆவார்கள். ஒருவர் வீரர், இன்னொருவர் மந்திரவாதி. "நான் சுவர் ஏறப் போறேன்" என்று வீரர் சொல்வார். அவரால் ஏற முடியுமா? 20 முகங்கள் உள்ள பகடையை உருட்டினால் தெரிந்துவிடும்.

இவ்வகை விளையாட்டுகளில் மிகவும் புகழ்பெற்றது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய இந்த விளையாட்டு, 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது.

லெகோ எதற்கு?

யார் எங்கே நிற்கிறார் என்று காட்டப் பலர் சிறிய உருவங்களை வைத்து விளையாடுவார்கள். கடையில் அவற்றை வாங்கி வண்ணம் பூசப் பணமும் நேரமும் வேண்டும். உங்களிடம் லெகோ மனிதர்கள் இருந்தால் அவர்களே போதும்.

டென்மார்க்கில் பிறந்த லெகோ நிறுவனம் 1978 முதல் இந்தச் சின்ன மனிதர்களைச் செய்கிறது. இவர்களிடம் ஒரு வசதி உண்டு. கதையில் வாள் தொலைந்துவிட்டதா? கையிலிருந்து வாளை எடுத்துவிடலாம். சுவர் இடிந்ததா? கட்டைகளைக் கழற்றிவிடலாம். இன்று கோட்டையாக இருக்கும் கட்டைகள் அடுத்த வாரம் கப்பல் ஆகலாம்!

களம் அமைப்போம்

லெகோ அடித்தட்டில் வரிசை வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். நீளத்தில் 4, அகலத்தில் 4 குமிழ்கள் கொண்ட இடத்தை ஒரு கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 32 குமிழ்கள் உள்ள தட்டில் 8 × 8 = 64 கட்டங்கள் கிடைக்கும்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் ஒரு கட்டம் என்பது கதையில் 5 அடி தூரம். ஒருவர் தம் முறையில் 30 அடி நடக்கலாம் என்றால், பொம்மையை எத்தனை கட்டம் நகர்த்தலாம்? 30 ÷ 5 = 6 கட்டம். குதிரை போன்ற பெரிய விலங்கு நான்கு கட்டங்களை அடைத்துக்கொள்ளும்.

இனி ஒரு விதியை எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள்: பொம்மை நிற்கும் இடமே நீங்கள் நிற்கும் இடம். பகடையை உருட்டும் முன் எல்லாரும் களத்தைப் பாருங்கள். நெருப்பு யார்மேல் படும் என்று கட்டங்களை எண்ணினால் தெரியும். சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் சரி என்று ஆகாது. அமைதியாக இருக்கும் நண்பருக்கும் நியாயம் கிடைக்கும்.

2024இல் இந்த விளையாட்டுக்கு 50 வயது நிறைந்தது. அப்போது லெகோ நிறுவனமே இதற்காக 3,745 துண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஆனால், நீங்கள் தொடங்க ஒரு தட்டும் நான்கு பொம்மைகளும் போதும்.

செய்து பார்ப்போம்

1. நான்கு பேர் சேர்ந்து ஒரு குகையோ கோட்டையோ கட்டுங்கள்.
2. உங்கள் பாத்திரத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர் வையுங்கள். அவருக்கு எதில் திறமை? எதற்குப் பயம்?
3. ஒருவர் தமிழில் கதையை நடத்தட்டும். "இப்ப நீ என்ன செய்யப் போற?" என்று ஒவ்வொருவரையும் கேட்கட்டும்.