பக்கத்து அறைக்குத் தெரிந்தது

2003 ஆகஸ்ட் 14 மாலை, அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஒகையோ மாநிலத்தில் வெட்டாமல் விட்ட மரங்களில் உயர் அழுத்தக் கம்பிகள் உரசியதே காரணம் என்று பேசப்பட்டது. பொய்யல்ல. ஆனால் மரம் பட்டு ஒரு லைன் டிரிப் ஆவது மின்துறைக்குப் புதிதில்லை. அது கட்டுப்பாட்டு அறைக்கே தெரியாமல் போனதுதான் வினை. அந்தக் கம்பிகளை இயக்கிய ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் கணினியில் பிற்பகல் 2:14 மணிக்கு அலாரம் மென்பொருள் முடங்கியது. முடங்கியதைச் சொல்ல வேறு ஏற்பாடு இல்லாததால், பணியிலிருந்தவர்கள் அமைதியான திரையை நம்பினார்கள்.

இரு நாடுகளின் கூட்டு விசாரணைக் குழுவின் அறிக்கையில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் வேறு. அலாரம் செத்த பிறகும் அதே கணினி சரியான அளவீடுகளைத் திரட்டி, அண்டை நிறுவனமான ஏஇபிக்கும் வட்டார மேற்பார்வை அமைப்பான மைசோவுக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்காரருக்குத் தெரியாத சேதி பக்கத்து வீட்டில் இருந்தது. ஸ்டார்–சவுத் கேன்டன் லைன் ஒருமுறை டிரிப் ஆகித் தானே மீண்டும் இணைந்தபோது ஏஇபியிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். ஃபர்ஸ்ட்எனர்ஜியின் திரையில் அப்படி எதுவும் காட்டவில்லை என்பதோடு பேச்சு முடிந்தது. மைசோவின் கதை இன்னும் கசப்பானது. கட்டமைப்பு முழுவதையும் கணித்துப் பார்க்கும் அதன் மென்பொருளுக்கு, டேட்டன் நிறுவனத்தின் ஸ்டூவர்ட்–அட்லாண்டா லைன் 2:02-க்கு டிரிப் ஆனது எட்டவில்லை. அந்த லைனின் நிலைத் தகவல் மென்பொருளோடு இணைக்கப்படவே இல்லை. இல்லாத லைனை இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு எப்படிச் சேரும்? தரவுப் பகிர்வைச் செலவு மிச்சம், வசதி என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். அதன் முதல் பயன் இரண்டாவது சாட்சி என்பதே என் கட்சி.

இணைப்பு என்றால் வாசல், வாசல் என்றால் திருடன் வருவான் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்குச் சான்றும் அதே ஆண்டில், அதே நிறுவனத்திடமே கிடைக்கிறது. 2003 ஜனவரியில் ஒகையோவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்துக்குள் ஸ்லாம்மர் புழு நுழைந்து, பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் திரையைச் சுமார் 5 மணி நேரம் முடக்கியது. நல்ல வேளை, உலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. ஆனால் புழு வந்தது ஒப்பந்தக்காரர் ஒருவரின் வலையமைப்பிலிருந்து, ஃபயர்வாலைச் சுற்றிப் போன தனி இணைப்பு வழியாக. முறையான தரவுப் பகிர்வு அப்படி நடப்பதில்லை: கட்டுப்பாட்டு மையங்கள் தரவு பரிமாறும் ஐசிசிபி நெறிமுறையில் எந்த அளவீட்டை யார் பார்க்கலாம் என்று இரு தரப்பும் பட்டியலிட்டு ஒப்புக்கொள்கின்றன. பட்டியலில் இல்லாதது போகாது. அதையும் நம்பாதவர்களுக்கு ஒருவழிச் சாதனங்கள் உண்டு: தரவு வெளியே போகும், திரும்பி ஒரு பிட்டும் வராது. எண்கள் குவிந்தால் பார்ப்பவர் திணறுவார் என்பது அடுத்த ஆட்சேபம். எல்லாவற்றையும் திரையில் கொட்டினால் திணறத்தான் செய்வார். எல்லைக் கம்பிகளுக்கு மட்டும் நம் அளவீட்டையும் அண்டையாரின் அளவீட்டையும், நேரமுத்திரையோடும் தரக்குறியோடும் ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் மணியடிக்கச் செய்யலாம். அந்த ஒப்பீடு ஓட வேண்டியது அலாரம் ஓடும் அதே கணினியில் அல்ல.