மீன் தப்பினால் பரவாயில்லை... மூச்சு தப்பக் கூடாது!

போன மார்கழியில் ஒரு காலை நேரம். கொல்லிமலை வாசலூர்பட்டி படகுத் துறையில் உட்கார்ந்திருந்தேன். மூலிகை பார்க்க மலைக்குப் போனால் அங்கே அரை மணி நேரமாவது இருந்துவிட்டு வருவது என் வழக்கம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த களைப்புக்கு அந்தச் சின்ன ஏரியின் காற்றே மருந்து!

என்னிடம் வைத்தியத்துக்கு வருகிற சேலத்துக் குடும்பம் ஒன்று அங்கே வந்திருந்தது. அப்பாவுக்கு மஃப்ளர், அம்மாவுக்குச் சால்வை, சின்னப் பெண்ணுக்குக் குரங்குக் குல்லா. எல்லாம் சரிதான். ஆனால் கையில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை மட்டும் நாலு பேரும் மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சார், போட்டுக்கலையா?"

"பக்கத்துலதானே இருக்கு டாக்டர்? விழுந்தா எடுத்து மாட்டிக்கலாம்."

கல்லூரியில் படிக்கும் மகன் குறுக்கே புகுந்தான். "டாக்டர் அங்கிள், நான் கயாக் வாங்கியிருக்கேன். மேட்டூர்ல மீன் பிடிக்கப் போறேன். அடுத்து ஊட்டிப் பக்கம்!"

"நீங்களாவது சொல்லுங்க டாக்டர், கேக்கவே மாட்டேங்கறான்" என்றார் அம்மா.

நான் தடுக்கவில்லை. கயாக் என்பது காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டை உள்ள ஒரே துடுப்பால் தள்ளிப் போகிற ஒடுக்கமான படகு. தோளுக்கும் முதுகுக்கும் நல்ல பயிற்சி, மனசுக்கும் அமைதி. நம் பரிசல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதும் கிட்டத்தட்ட இதுதானே? ஆனால் குளிர்ந்த தண்ணீரைப் பற்றித் தெரியாமல் போகக் கூடாது. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நீச்சல் தெரிந்தவனுக்கு நேர்ந்தது

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் சித்த மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறையில் நண்பர்கள் நாலு பேர் இதே கொல்லிமலைக்கு வந்தோம். விடியற்காலையில் ஒரு மலைக் குளத்தைப் பார்த்ததும் ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்துவிட்டான். தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். வெள்ளத்தையே எதிர்த்து நீந்துவான்!

குதித்தவன் மேலே வந்தான். ஆனால் கை வீசவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. 'ஹக்... ஹக்...' என்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தான். விளையாடுகிறான் என்று நாங்கள் சிரித்தோம். அவன் தலை இரண்டாம் முறை உள்ளே போனபோதுதான் உறைத்தது. ஒரு வேட்டியை முறுக்கி வீசினோம். எப்படியோ பிடித்துக்கொண்டான். இன்றைக்கும் அவன் நல்ல வைத்தியன். அந்த வேட்டி இல்லாவிட்டால்?

அன்று எங்களுக்குப் புரியாத காரணம் இதுதான். குளிர்ந்த நீர் திடீரென்று தோலில் பட்டால், நம் விருப்பம் இல்லாமலே மூச்சு 'விசுக்'கென்று உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால், காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் நுரையீரலுக்குப் போகும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். இதய நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அந்த ஒரு நிமிஷமே ஆபத்து.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுலபமாகச் சொல்லிவைத்தார். உறையும் நிலையில் உள்ள நீரில் விழுந்தவருக்கு மூச்சு வசப்பட 1 நிமிஷம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிஷம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். நம் ஊர் மலை ஏரிகள் அவ்வளவு குளிர்ந்தவை அல்ல. இருந்தாலும் அந்த முதல் நிமிஷத்துப் பாடம் நமக்கும் உண்டு. பலரும் குளிரில் விறைத்துச் சாவதில்லை, அதற்கு முன்பே மூழ்கிவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிஷம் வாயையும் மூக்கையும் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கத்தான் லைஃப் ஜாக்கெட். மூச்சே வசத்தில் இல்லாதவர் மடியில் இருப்பதை எடுத்து எப்படி மாட்டுவார், சொல்லுங்கள்!

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18-ல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் போனார்கள். ஏரிதானே என்ற அலட்சியம் வேண்டாம்.

புறப்படும் முன்

* கரையிலேயே லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, எல்லாக் கொக்கிகளையும் பூட்டுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அளவு சரியில்லை. அதில் ஒரு விசில் கட்டியிருக்கட்டும்.

* செல்போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுப் படகில் வைக்காதீர்கள், உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். கவிழ்ந்தால் படகு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்!

* வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரைத் தொட்டுப் பார்த்து உடுத்துங்கள். நனைந்த பருத்தித் துணி குளிரைக் கூட்டும்.

* தனியாகப் போக வேண்டாம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

* வலிப்பு நோய் உள்ளவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் துடுப்புப் போடக் கூடாது. மது? பேச்சே வேண்டாம்!

* அனுமதி கேளுங்கள். எல்லா நீர்நிலையிலும் படகு விடவோ தூண்டில் போடவோ முடியாது. மின் உற்பத்திக்குக் கட்டிய நீலகிரி அணைகளில் நினைத்தபடி இறங்கவே கூடாது.

முதல் நாளே மீன் பிடிக்கப் போகாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துத் திரும்ப ஏறிப் பழகுங்கள். காலை உதைத்து, வயிறு படகின் குறுக்கே படும்படி ஏறி, பிறகு புரண்டு உட்கார வேண்டும். இது கைவந்த பிறகுதான் தூண்டில்.

தண்ணீரில்

1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. தண்ணீர். அவ்வளவு பெரிய பரப்பில் காற்று அடித்தால் அலை எழும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, கயாக் எம்மாத்திரம்? விடிந்ததும் போய், காற்று கிளம்பும் முன் திரும்பிவிடுங்கள். கரையை ஒட்டியே போங்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். மதகுப் பக்கமும், வலை கட்டிய இடங்களுக்கும் போகாதீர்கள். நங்கூரக் கயிற்றைப் படகின் முனையில்தான் கட்ட வேண்டும். நடுப் பக்கவாட்டில் கட்டினால் அலை இழுத்துக் கவிழ்க்கும்.

கவிழ்ந்துவிட்டதா? உடனே நீந்தாதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டு மிதங்கள். ஒரு நிமிஷத்தில் மூச்சு வசத்துக்கு வரும். அப்புறம் ஏறுங்கள். முடியாவிட்டால் படகை விடாமல் விசில் ஊதுங்கள்.

மீன் கிடைக்க வேண்டாமா?

வேண்டும்! ஓடை வந்து கலக்கிற இடம், மூழ்கிய மரக்கட்டை, ஆழமில்லாத இடம் திடீரென்று ஆழமாகிற விளிம்பு, காற்று அலையைத் தள்ளிச் சேர்க்கிற கரை - இவற்றில் இரை சேரும், மீனும் வரும். குளிர்ந்த நீரில் மீன் மந்தமாக இருக்கும். அதனால் தூண்டிலை வேகமாக இழுக்காமல் பொறுமையாக விடுங்கள். 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்த சாதாக் கெண்டை அடியில் மேய்கிற மீன். மண்புழு, மாவு உருண்டை போதும். பெரிய மீன் இழுத்தால் எழுந்து நிற்காதீர்கள். நரம்பை அறுத்துவிடக் கையில் ஒரு கத்தி இருக்கட்டும்.

கெளுத்தி முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் கையை அமிழ்த்தி வையுங்கள், வலி குறையும். முள் உள்ளே தங்கினாலோ, தூண்டில் முள் ஆழமாக ஏறினாலோ மருத்துவமனைக்குப் போய் டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

காப்பாற்றிய பிறகு

நீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் நம் ஊரில் இன்னமும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம்! சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அந்த நேரத்தில் எந்தச் சூரணமும் கஷாயமும் உதவாது. மூச்சுதான் மருந்து. 108-க்குச் சொல்லிவிட்டு, மல்லாக்கப் படுக்கவையுங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். பிழைத்தவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை தரும்.

நினைவோடு நடுங்குகிறாரா? ஈரத் துணியை மாற்றி, துடைத்து, கம்பளி போர்த்துங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள். விழுங்க முடிந்தால் வெதுவெதுப்பான சுக்குக் காப்பி கொடுக்கலாம். பிராந்தி கொடுத்தால் உடல் இன்னும் குளிரும்.

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் தல வரலாறு கேட்டிருப்பீர்கள். அறுத்த மீன் மறுபடி பொருந்தி ஆற்றில் துள்ளியதாம். அங்கே மீனுக்குப் பொரி போடுவார்களே தவிர, தூண்டில் போடமாட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு, "மீன் பொருந்தினது சாமி அருள் தம்பி. அதை நம்பி நாம தண்ணியில விளையாடக் கூடாது" என்றேன்.

பையன் சிரித்தான். ஆனால் ஜாக்கெட்டை எடுத்து மாட்டி, கொக்கியைப் பூட்டினான். தங்கைக்கும் பூட்டிவிட்டான். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். மஃப்ளரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அவரும் மாட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் படகு கிளம்பியது.