ஜார்ஜ்குட்டியும் நம் அனுதாபமும்

திரையும் மனச்சாட்சியும் – 9

புற்றுநோய் கண்ட ரசாயன ஆசிரியர் ஒருவர், குடும்பத்துக்குப் பொருள் சேர்த்துவைக்கப் போதைமருந்து காய்ச்சத் தொடங்கிக் கொலைபாதகராகவே மாறிய ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் விருத்தாந்தத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அத்தகையவரிடம் அனுதாபம் கொள்ளலாமா என்று ஆராய அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. சூரியநெல்லியின் தேயிலைச் சரிவுகளை விட்டுப் பூப்பாறை வழியே இறங்கினால் வரும் ராஜாக்காடுதான், ஜீத்து ஜோசப்பின் ‘த்ரிஷ்யம்’ (2013) படத்தில் கேபிள் டி.வி. நடத்தும் ஜார்ஜ்குட்டியின் ஊர். 2015-இல் ‘பாபநாசம்’ படத்தின் சுயம்புலிங்கமாகத் தமிழர் வீடுகளுக்கும் வந்தவன் அவன்.

மகளைக் குளிக்கையில் படம்பிடித்து மிரட்டிய இளைஞன் அவள் கையால் அடிபட்டு மாண்டுபோக, அதை மறைக்கத் தகப்பன் பொய்க்குமேல் பொய் அடுக்குகிறான். அவன் ஏன் போலீசிடம் போகவில்லை என்று கேட்பவர்கள், படத்துக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் இந்த மலைக்கு மறக்கவொண்ணாத ஒரு வழக்கை நினைத்துப் பார்க்கவேண்டும். 1996-இல் ஒரு பள்ளிச் சிறுமி நாற்பது நாட்கள் பலரின் வன்கொடுமைக்கு உள்ளான அந்த வழக்கில், 2000-இல் தனி நீதிமன்றம் 35 பேரைத் தண்டிக்க, 2005-இல் உயர் நீதிமன்றம் ஒருவர் நீங்கலாக அனைவரையும் விடுவிக்க, 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை ரத்து செய்ய, 2014-இல்தான் பெரும்பாலோரின் தண்டனை மீண்டும் உறுதியாயிற்று. (குற்றம் புரிந்தவர்களை விட்டு, ஊரின் பெயரையே குற்றத்துக்குச் சூட்டி வழங்குவது சூரியநெல்லிக்கு இழைத்த இன்னொரு அநீதி.) நியாயஸ்தலத்தை நம்பிப் போன பெண்ணுக்கு நேர்ந்ததை அறிந்த ஜனங்கள், போகாத தகப்பன் பக்கம் நின்றதை நான் குறைகூற மாட்டேன்.

ஆனால் 2021-இல் வீட்டுத் திரைக்கே நேராக வந்த இரண்டாம் பாகத்தில் அவன் வேறு மனிதன். ஆறாண்டுகள் கழிந்து தியேட்டர் முதலாளியாகி, குடிக்கவும் தொடங்கிவிட்ட அவன், முதற்பாகத்தில் ஒரு பேரிரவின் பீதியில் செய்ததை இப்போது ஆற அமர, வருஷக்கணக்கில் திட்டமிட்டு, வெட்டியானைச் சிநேகம் பிடித்து, காவலாளியைக் கைக்குள் போட்டுக்கொண்டு செய்கிறான். நாமோ அவனுடைய சாமர்த்தியத்தைக் கண்டு கைதட்டுகிறோம். அனுதாபம் எந்தக் கணத்தில் வியப்பாக மாறியது என்பதை நாமே கவனிப்பதில்லை.

அந்த வியப்பு குரூரமானது. கெட்டுப்போகும் ஆசிரியரின் மனைவி ஸ்கைலர், கணவனைத் தடுக்க முயன்ற ஒரே காரணத்துக்காக ரசிகர்களின் துவேஷத்துக்கு இலக்கானாள். அவளாக நடித்த அன்னா கன் அதுபற்றி 2013-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் எழுத நேர்ந்தது. நம்முடைய ‘த்ரிஷ்யம்’ படத்தில் மாண்ட இளைஞனின் தாயும் போலீஸ் அதிகாரியுமான கீதா பிரபாகரின் நிலை அத்தனை எளிதன்று, போலீஸ் அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்து, ஒரு சிறுமியை அடிக்கவிட்டவள் அவள், அதற்கு மன்னிப்பில்லை. இருந்தும், மகன் என்னவானான் என்று அறியாமல் அலையும் ஒரு தாய் தோற்றபோதெல்லாம் நாம் மகிழ்ந்திருக்கிறோம்.

அவள் மகனின் அஸ்தியை இறுதியில் பெற்றோருக்குச் சேர்ப்பித்ததைக் காட்டி, ஜார்ஜ்குட்டியின் நெஞ்சில் ஈரம் உண்டு என்று வாதிடுவோர் பலர். உண்டுதான். ஆனால் சட்டத்தின் பிடியில் சிக்காதிருக்க, வேறோர் இளைஞனின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு மாற்றி வைத்தான். அந்த வேறோர் இளைஞனைப் பெற்றவளின் துக்கத்துக்குத் திரையில் இடமேயில்லை. ஜார்ஜ்குட்டியிடம் இவ்வளவு பிரியம் கொண்ட நான், அந்த இடத்தில் மட்டும் அவனோடு நிற்க மறுக்கிறேன்.